சுழி பார்த்து வாங்கிய கார்

என் கல்யாணத்துக்குப் பந்தல்காரரிடம் சொல்லியாயிற்று, சமையல்காரருக்கு வெற்றிலை பாக்குக் கொடுத்தாயிற்று, பத்திரிகை பாதி ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் ஒரு விஷயம் எல்லோருக்கும் உறைத்தது. மாப்பிள்ளை தயார், பெண் தயார். இணைச்சீர் செய்ய அக்கா வரமாட்டாள்.

எங்கள் பக்கத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் செய்கிற சீர் அது. கூறைச்சேலையின் ஒரு முனை மாப்பிள்ளையின் கக்கத்தில் இருக்கும். மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டு நிற்பாள். இன்னொரு பெண் வீட்டுக்கு வந்தாலும் எனக்கும் உனக்கும் உள்ளது அறுந்து போகாது என்று அந்தச் சேலை ஊருக்குச் சொல்கிறது. அக்கா வராவிட்டால் தங்கச்சி செய்துவிடுவாள், அதற்கொன்றும் தடை இல்லை. ஆனால் தங்கச்சி செய்துவிட்டாள் என்றால் அக்கா அதற்கப்புறம் ஜென்மத்துக்கும் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பமாட்டாள். என்னைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவள் இல்லாத பந்தலில் நான் எந்த முகத்தோடு நிற்பேன்?

அக்காவின் கோபத்துக்குக் காரணம் ஒரு கார். தங்கச்சியின் குழந்தைக்குக் காது குத்தினபோது, உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்து வீட்டுக்குத் தங்கச்சியும் அவள் வீட்டுக்காரரும் காரில் வந்து இறங்கினார்கள். அக்காவும் மச்சானும் பஸ்ஸைவிட்டு இறங்கி, வெயிலில் நடந்து வந்து சேர்ந்தார்கள். அப்போது எங்கள் அப்பா அந்தக் காரை வேப்பமரத்து நிழலில் நிறுத்தி, சூடாகிவிடக் கூடாதென்று அதன்மேல் ஈரச்சாக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா பலகாரத் தூக்குப்போசியும் கையுமாக நின்று பார்த்தாள். வா என்று யாரும் சொல்லவில்லை. எல்லோரும் சாக்கு நனைப்பதில் மும்முரம்.

"இனிமே சொந்தக் கார்ல வந்தாத்தான் இந்த வாசல மிதிப்பேன்" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் கூடத் திரும்பிவிட்டாள்.

அதற்கப்புறம் அம்மாவும் அப்பாவும் திருப்பூருக்கு வந்தால் தடபுடலாக விருந்து வைப்பாள். தலைவலி என்றால் அம்மாவுக்குத் தைலம் தேய்த்துவிடுவாள். ஊருக்கு வா என்றால் மட்டும், "கார் வரட்டுமுங்கம்மா" என்பாள். ஏதோ சாயப்பட்டறையிலிருந்து துணி வரட்டும் என்கிற மாதிரி.

அக்காவின் வீட்டுக்காரர், அதாவது எங்கள் மச்சான், அனுப்பர்பாளையத்தில் வீட்டோடு சேர்ந்த ஒரு ஷெட்டில் சின்னதாகப் பனியன் கம்பெனி நடத்தி வந்தார். நான் அவரோடு தங்கி, வருகிற துணியையெல்லாம் செக்கிங் பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. வெளிநாட்டு ஆர்டர் ஊரெல்லாம் கொட்டியது. எங்கள் வாசலில் கொஞ்சம் தூறல் போட்டது. டெம்போ ஒன்று வாங்கியிருந்தோம். டெம்போவைக் கார் என்று அக்காவிடம் சொல்லிப் பார்த்தார் மச்சான். "அதுக்கு ஊட்டுக்காரிக்கும் பண்டலுக்கும் வித்தியாசம் தெரியாதுங்க" என்று அவள் சொல்லிவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனிக்காரர்கள், தவணை கட்டாதவர்களிடமிருந்து பிடித்து வந்த வண்டிகளை முதலிபாளையம் பக்கம் ஒரு காலி ஷெட்டில் நிறுத்தி ஏலம் விடப்போவதாகக் கேள்விப்பட்டோம். முதல்நாள் போய் வண்டியைப் பார்த்துக்கொள்ளலாம், மறுநாள் ஏலம். கல்யாணத்துக்கு அடுத்த வாரம் நாள்.

"மெக்கானிக் ஒருத்தரக் கூட்டிட்டுப் போலாமுங்க மச்சா" என்றேன்.

"மெக்கானிக் வேண்டாமுங்க மாப்ள. ஓடாத வண்டியப் பாத்தாத்தான் அவனுக்குச் சந்தோசம். எதையும் ஓடாதும்பான். நம்ம தரகரக் கூட்டிட்டுப் போலாம்."

"எந்தத் தரகருங்க?"

"மாட்டுத் தரகருங்க. நாலு கால் இருக்கறது எதையும் எங்க ஊட்ல அவரக் கேக்காம வாங்குனதில்லீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மச்சான் சிரிக்கவில்லை. அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்கு மாடு பிடித்துக் கொடுத்தவர் அந்தத் தரகர். பிடித்துக் கொடுத்த மாடு ஒன்றுகூடச் சோடை போனதில்லையாம். காரிலும் காலுக்குப் பதில் சக்கரம், அவ்வளவுதானே என்பது மச்சானின் கணக்கு.

ஷெட்டு வாசலில் காவலுக்கு ஒருத்தர் நின்றார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். கையில் ஒன்றும் இல்லை, வாயில் மட்டும் சட்டம் முழுக்க இருந்தது.

"பாக்கலாம் அண்ணாச்சி, தாராளமாப் பாக்கலாம். சாவி கேக்கப்பிடாது. ஸ்டார்ட் பண்ணப்பிடாது. தொட்டுப் பாக்கலாம், தட்டிப் பாக்கப்பிடாது."

"தட்டாம எப்பிடிங்க பாக்கறது?" என்றார் தரகர். அவருக்கு எழுபது வயதாவது இருக்கும். தோளில் சிவப்புக் கரை போட்ட துண்டு.

"அதாம்வே ரூல்ஸு."

உள்ளே பலவிதமாக வண்டிகள் நின்றன. எங்கள் கண் போனது ஒரு கிரீம் கலர் அம்பாசடர் மேல். மச்சான் நேராக அதனிடம் போய், கதவின் பெயிண்டை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். பனியன் துணியைக் கையில் எடுத்தால் கனம் தெரிவதற்காக நாங்கள் அப்படித்தான் கிள்ளுவோம். தகரத்தில் கிள்ள வரவில்லை. அதனால் தேய்த்துப் பார்த்தார். பிறகு வெள்ளைக் கைக்குட்டையை எச்சிலில் நனைத்துக் கதவில் அழுத்தித் துடைத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

"சாயம் எறங்கலீங்க மாப்ள."

நானும் செக்கிங்காரன்தானே, சும்மா நிற்பேனா? குனிந்து பக்கவாட்டில் பார்த்தேன். முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நிறம் இழையளவு மாறியது. ஒரே கலர் என்றாலும் வேறு வேறு நாளில் சாயம் போட்ட துணி வெயிலில் காட்டிக் கொடுத்துவிடும்.

"மச்சா, பின்கதவு வேற லாட்டுங்க."

அவர் முகம் விழுந்துவிட்டது. வந்து பார்த்தார். கதவைச் சாத்திப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார், கண்ணை இடுக்கிப் பார்த்தார். "வெளிநாட்டுக்காரனா இருந்தா ரிஜெக்ட் பண்ணிருவான். உங்கப்பாவுக்குத் தெரியுமுங்களா?" என்றார்.

"அப்பாவுக்குப் பக்கத்துப் பார்வை கொறைச்சலுங்க."

"அப்பச் சரி."

இருக்கையின் தையலை எண்ணினோம். தையல் நெருக்கமாக, நன்றாகவே இருந்தது. கூரையின் உள்பக்கத் துணியை இழுத்துவிட்டுப் பார்த்தோம், பழையபடி ஒட்டிக்கொண்டது. கடைசியில் இன்னும் ஒரு இடம் பார்க்க வேண்டும் என்று ஞாபகம் வந்து, முன்மூடியைத் தூக்கினார் மச்சான். உள்ளே இரும்பும் ஒயரும் எண்ணெயும் கறுப்பாகக் கிடந்தன. இருவரும் கொஞ்ச நேரம் மரியாதையாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நெறைய சாமான் இருக்குதுங்க மாப்ள. ஒண்ணும் கொறைச்சலாத் தெரியல" என்று சொல்லி மூடிவிட்டார்.

அதற்குள் தரகர் தன் வேலையைத் தொடங்கியிருந்தார். முதலில் காருக்கு முன்னால் போய் நின்று, அது தன்னைப் பார்க்கட்டும் என்று விட்டார். புது மாட்டுக்குப் பின்பக்கமாகப் போகக் கூடாதாம். பிறகு முகப்பு விளக்குகளை உற்றுப் பார்த்தார்.

"வலக்கண்ணு தெளிவுங்க. எடக்கண்ணுல கொஞ்சம் பூ வுழுந்திருக்குது."

முன்பக்கக் கம்பி வரிசையை விரலால் தடவினார். "பல்லு ரெண்டு போயிருச்சு. கன்னுக்குட்டி இல்லீங்க இது. ஆனா கெழடும் இல்ல. உழவுக்கு ஆகாது, வண்டிக்கு ஆகும்."

"வண்டியே அதுதானுங்களே" என்றேன்.

"அதத்தான் நானும் சொல்றனுங்க" என்றார், கொஞ்சமும் அசராமல்.

பிறகு சுழி. எங்கள் பக்கத்தில் உடம்பில் மயிர் சுழித்த இடம் பார்க்காமல் மாடு வாங்கமாட்டார்கள். நல்ல இடத்தில் சுழி இருந்தால் வீடு விளங்கும், கெட்ட இடத்தில் இருந்தால் வீட்டுக்கு ஆகாது. காரின் கூரையில், யாரோ பாலிஷ் போட்டுத் தேய்த்த தடம் வட்டமாகப் பதிந்திருந்தது. தரகர் குதிகாலை உயர்த்தி அதைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"கோபுரச் சுழிங்க மொதலாளி! முதுகுல, நட்ட நடுவுல! புடிச்சுக் கட்டுங்க."

பக்கத்தில் ஒரு நீலக்கார் இதைவிடப் புதுசாக நின்றது. அதையும் பாருங்கள் என்று நான் காட்டினேன். ஓரப்பார்வை பார்த்தவர் என் கையைத் தட்டிவிட்டார். "பாடைச் சுழி. அதப் பாக்காதீங்க கண்ணு, கல்யாண மாப்பிள்ளை நீங்க."

எல்லாம் பார்த்து முடித்த திருப்தியில், கடைசியாகக் காரின் பின்புறத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். நல்ல மாடு தட்டினால் நெளியும்.

"பெரியவரே! தட்டப்பிடாதுன்னு சொன்னம்லா!" என்று காவலாளி ஓடி வந்தார்.

அந்த நேரத்தில்தான் பாய் உள்ளே வந்தார். எங்கள் கம்பெனியில் வெட்டின துண்டுத் துணியெல்லாம் எடுத்துப் போகிற வேஸ்ட் வியாபாரி. மச்சானைவிட வயதில் மூத்தவர். எங்களைப் பார்த்ததும் வெட்கப்பட்டுக்கொண்டார்.

"ஏனுங்க பாய், நீங்களும் காருங்களா?"

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க தம்பி. ஸ்கூட்டர்ல பண்டலக் கட்டிட்டுப் போனா, நான் ஓட்டறனா பண்டல் ஓட்டுதான்னு போலீஸ்காரருக்கே சந்தேகம் வந்துருச்சு."

அவரும் வந்து நின்றது அதே கிரீம் கலர் வண்டியிடம். ஆனால் அவர் கதவைப் பார்க்கவில்லை, சுழியைப் பார்க்கவில்லை. நேராகப் பின்னால் போய் டிக்கியைத் திறந்து, எட்டிப் பார்த்து, முழம் போட்டுப் பார்த்தார். மனசு கேட்கவில்லை.

"தம்பி, என்ர அளவுக்குத்தானுங்க நம்ம பண்டலு. நான் படுத்தா அதுவும் படுக்கும்" என்று சொல்லிச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே ஏறிப் படுத்தார். முழங்காலை மடக்கினார். "தாராளமுங்க" என்றார்.

மூடியைத் தாங்குகிற கம்பி அந்தக் காரில் இல்லை என்பதை நாங்கள் யாரும் பரிசோதிக்கவில்லை. டொப்பென்று விழுந்தது.

மச்சான் பதறிப்போய்க் கைப்பிடியைத் திருகி இழுத்தார். கைப்பிடி வந்துவிட்டது, மூடி வரவில்லை.

"புடுங்கிப் பாக்கப்பிடாது அண்ணாச்சி!" என்றார் காவலாளி.

"பாய்! பாய்! எப்பிடி இருக்கறீங்க?"

"நல்லா இருக்கறனுங்க தம்பி" என்று குரல் அடியிலிருந்து வந்தது. "இருட்டா இருக்குது. பொட்டு வெளிச்சம் இல்லீங்க."

மச்சான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு பிரகாசம். "ஒரு ஓட்டை கூட இல்லீங்களா பாய்? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"இல்லீங்க தம்பி. மழைக்குச் சொட்டுத் தண்ணி எறங்காதுங்க."

"துரு வாசம் ஏதாச்சும்?"

"இல்லீங்க. பெட்ரோல் வாசம் லேசா. வேற யாரோ கருவாடு கொண்டு போயிருக்காங்க."

காவலாளியிடம் சாவி கேட்டோம். சாவி தலைமை ஆபீசில் இருந்தது, நாளைக்குத்தான் வரும். "நாளைக்கு வரைக்கும் தாங்குவாரா?" என்று அவர் நிஜமாகவே கேட்டார். மச்சான் அவரை விட்டுவிட்டுப் பின்கதவைத் திறந்து, பின்சீட்டின் சாய்மானத்தைப் பிடித்து ஆட்ட ஆரம்பித்தார். அதன் வழியாக ஆளை எடுத்துவிடலாம் என்பது அவர் யோசனை. நானும் பிடித்தேன். ஆணி ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்த நேரத்தில், உள்ளே இருக்கிறவருக்குப் பயம் வரக் கூடாதென்று மச்சான் பேச்சுக் கொடுத்தார். வேறு பேச்சு வாயில் வராமல், அக்காவின் சபதம் முழுவதையும் சாய்மானத்தைப் பார்த்துச் சொன்னார். காது குத்து, ஈரச்சாக்கு, தூக்குப்போசி, அடுத்த வாரம் கல்யாணம், இணைச்சீர், எல்லாம்.

உள்ளே சத்தமே இல்லை. உள்ளேயிருந்து மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகையோ, கருவாட்டு வாசமோ, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"ஒரு பொம்பளப்புள்ள வாசல்ல நிக்கறப்ப வான்னு ஒரு வார்த்தை சொல்லாம வண்டிக்குச் சாக்குப் போட்டாங்களா!" என்றார் பாய்.

சாய்மானம் கழன்றது. இடைவெளி சின்னது. பாய் முதலில் காலை நீட்டினார். உடனே தரகர் எங்களை விலக்கிவிட்டு முன்னால் வந்தார்.

"காலு வரக்கூடாதுங்க! உள்ள தள்ளுங்க. தலை மொதல்ல வரோணும், கூடவே ரெண்டு கையும் வரோணும். காலு வந்தாக் கஷ்டம்."

எத்தனையோ கன்று இழுத்த கை அது. பாயின் காலைத் திரும்ப உள்ளே அனுப்பி, திரும்பிப் படுக்கச் சொல்லி, தலையும் கையும் சேர்ந்து வந்ததும், மணிக்கட்டைப் பிடித்து, "முக்குங்க... இப்ப உடுங்க... முக்குங்க" என்று சொல்லிச் சொல்லி இழுத்தார். பாயும் சொன்னபடி செய்தார். வெளியே வந்து விழுந்தவரைத் தன் துண்டால் துடைத்துவிட்டார். நக்கிக் கொடுக்க மாடு இல்லாதது ஒன்றுதான் குறை.

பாய் எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, மச்சானின் கையைப் பிடித்தார். "நீங்கதான் எடுக்கோணுமுங்க தம்பி இந்த வண்டிய. நான் வாயே தொறக்க மாட்டேன்."

அத்தோடு வீட்டுக்கு வந்திருக்கலாம். ஆனால் தரகருக்கு வியாபாரம் முடிக்காமல் சந்தையை விட்டுக் கிளம்பிப் பழக்கம் இல்லை. அவர் காவலாளியிடம் போனார். ஈரம் காயாத அந்தத் துண்டை அவர் கைமேல் போட்டு, அதற்கடியில் விரல்களைப் பிடித்தார். எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தையில் விலை வாயால் பேசுவதில்லை. துண்டுக்குள் விரலைப் பிடித்து அழுத்துவதுதான் பேச்சு. சுற்றி நிற்கிற நூறு பேருக்கும் விலை தெரியாது, துண்டுக்கு மட்டும் தெரியும். துண்டை எடுத்துவிட்டால் வியாபாரம் முடிந்தது, அதற்குமேல் எவனும் குறுக்கே வரமாட்டான்.

இது ஒன்றும் தெரியாத அந்தக் காவலாளி விழித்தார். "என்ன பெரியவரே, என்னத்துக்குக் கையப் புடிக்கியரு? எல்லாரும் பாக்காவள்லா!"

தரகர் மூன்று விரலை அழுத்தினார். காவலாளி நெளிந்தார். நெளிந்ததை விலை பற்றாது என்று எடுத்துக்கொண்டு தரகர் இன்னொரு விரலையும் சேர்த்தார். "ஏ, வலிக்கிவே, சரி சரி, விடும்!"

தரகர் துண்டை உதறித் தோளில் போட்டார். "முடிஞ்சுதுங்க மொதலாளி."

மச்சான் மகிழ்ந்துபோய், காவலாளி கையில் வெற்றிலையோடு அச்சாரமாக ஒரு ரூபாய் வைத்தார். டீக்காசு என்று அவரும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் ஏலத்தில் எங்கள் மச்சான் சலவை வேட்டி சட்டையில் முன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஏல அதிகாரி கிரீம் கலர் வண்டிக்கு ஆரம்ப விலையைச் சொல்லி, "யாராவது கேக்கறீங்களா?" என்றார். மச்சான் புன்னகையோடு கையைக் கட்டிக்கொண்டார்.

"கேளுங்க மச்சா!" என்று நான் இடித்தேன்.

"முடிஞ்சத என்னத்தக் கேக்கறதுங்க மாப்ள? திரும்பக் கேட்டா அந்த மனுசன் நாணயத்தச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிருமுங்க."

தரகர் எழுந்து நின்றார். "சார், நேத்தே முடிஞ்சுதுங்க. உங்க ஆளு கையப் புடிச்சாச்சு, அச்சாரமும் குடுத்தாச்சு."

அதிகாரி காவலாளியைப் பார்த்தார். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "என் கையத்தான் புடிச்சாரு சார். நான் ஒண்ணுமே பேசல!"

அதிகாரிக்குப் புரிய வைக்கவும், பிறகு அவர் எங்களுக்குப் புரிய வைக்கவும் வெகுநேரம் ஆனது. கடைசியில் மச்சான் வேண்டாவெறுப்பாக வாயைத் திறந்து ஒரு விலை கேட்டார். அதற்கு அதிகாரி, குறைந்தது இரண்டு பேராவது கேட்டால்தான் ஏலம் செல்லும் என்றார். இல்லாவிட்டால் ரத்து. அடுத்த மாதம் மறுபடி ஏலம்.

அடுத்த மாதம்! எல்லோரும் திரும்பி, பின் வரிசையில் உட்கார்ந்திருந்த பாயைப் பார்த்தோம். வேறு வண்டி ஏதாவது அமையுமா என்று வந்திருந்தார் அவர்.

"நானுங்களா?" என்று எழுந்தார். "அய்யய்யோ. டிக்கியிலிருந்து என்னய எடுத்துப் போட்டவங்களுங்க அவங்க. அவங்களுக்கு எதிரா வாய் தொறந்தன்னு தெரிஞ்சா என்ர ஊட்ல சோறு போட மாட்டாங்க சார்."

மச்சான் அவர் பக்கத்தில் போய்க் கும்பிட்டார். "பாய், உங்களக் கேட்டுக்கறனுங்க. எனக்கு எதிரா ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க."

"மனசு வரலீங்களே தம்பி."

"எனக்காகச் சொல்லுங்க."

பாய் கண்ணை மூடிக்கொண்டு, அதிகாரி காதில் விழுந்தும் விழாமலும் ஒரு விலை சொன்னார். மச்சான் கேட்டதைவிடக் குறைவான விலை.

"சார், மேல கேக்கணும்" என்றார் அதிகாரி.

"மேல கேட்டா அவருக்குச் செரமமுங்களே."

அதிகாரி கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, சரி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போகலாம், பாய் முதலில் கேட்கட்டும், அவர் மேல் இவர் கேட்கட்டும் என்று ஒரு வழி சொன்னார். நல்ல யோசனை. பாய் ஆரம்ப விலையைச் சொல்லிவிட்டு, தப்புச் செய்தவர் போலக் குனிந்துகொண்டார்.

"ஒருதரம்" என்றார் அதிகாரி.

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை.

"மச்சா!"

"வயசுல பெரியவரு ஒரு விலை சொல்லிட்டாரு. அதுக்கு மேல போயி எப்பிடிங்க மாப்ள... நல்லாவா இருக்கும்?"

"ரெண்டுதரம்."

"கேளுங்க தம்பி, கேளுங்க!" என்று பாய் பின்னாலிருந்து கெஞ்சினார். "எனக்கு வந்துரும் போல இருக்குதுங்க!"

நான் அதுவரை பெரிய மனிதர்கள் கூடிய இடத்தில் வாய் திறந்தவன் இல்லை. பெண் பார்க்கப் போன இடத்தில்கூட எனக்காக மச்சான்தான் பேசினார். அன்றைக்கு நாற்காலி பின்னால் சாய எழுந்து, பாய் கேட்டதற்கு மேல் ஒரு விலையைக் கத்தினேன். கத்தின கத்தலில் காவலாளி வாசலிலிருந்து ஓடி வந்தார். அதிகாரி மூன்றாம் தரம் சொல்லிச் சுத்தியலை அவசரமாக அடித்தார், நாங்கள் மனசு மாறுவதற்குள். முதலில் கை தட்டினவர் பாய்.

"யார் பேருக்கு?" என்று கேட்டார்கள். பணம் கட்டின மச்சான் என்னைப் பார்த்தார். அக்கா பேரைச் சொன்னேன்.

பெரிய ஆச்சரியம் அதற்கப்புறம்தான். நாங்கள் மரியாதையோடு பார்த்து மூடிவைத்த அந்த இஞ்சின் அருமையாக ஓடியது. பேட்டரி மட்டும் செத்துப் போயிருந்தது. தள்ளிவிட்டால் கிளம்பும், அணைத்துவிட்டால் மறுபடி தள்ள வேண்டும். அவ்வளவுதானே என்றார் மச்சான். ஏலம் எடுத்த கையோடு கல்யாண வேலை தலைக்குமேல் ஏறியதில் புதுப் பேட்டரி போட நேரம் இல்லை. டிக்கியைக் கயிற்றால் கட்டினோம், சாய்மானத்தை ஆணி அடித்து நிறுத்தினோம். மாப்பிள்ளையாகப்பட்டவன் முன்னாலேயே ஊருக்குப் போய்விட வேண்டும் என்று அம்மா ஆள்மேல் ஆள் அனுப்பினாள். அக்கா வராமல் நான் வரமாட்டேன் என்று சொல்லியிருந்தேன்.

கல்யாணத்துக்கு முதல்நாள் காலையில் அக்கா பட்டுச்சேலை கட்டி, வாசலில் நின்ற காரைச் சுற்றி வந்து பார்த்தாள். பின்சீட்டின் நடுவில் ஏறி உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "கண்ணு, கண்ணாடிய ஏத்தி உடு. பவுடர் கலைஞ்சிரும்" என்றாள். நான் ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்தினேன். கம்பெனியின் செக்கிங் பெண்கள் தள்ளிவிட, கார் கிளம்பியது. பல்லடம் தாண்டி ஒரு லெவல் கிராசிங்கில் அணைந்தபோது நானே இறங்கித் தள்ளினேன். கையில் மருதாணியோடு மாப்பிள்ளை காரைத் தள்ளுவதைப் பார்க்க ஒரு பஸ்ஸே ஒரு பக்கம் சாய்ந்தது.

தோட்டத்து வீட்டு வாசலில், பந்தலுக்கு நேராக, மச்சான் காரை நிறுத்தினார். இஞ்சினை அணைக்கவில்லை, அணைத்தால் தள்ள ஆள் தேட வேண்டும். அதனால் மிதித்த காலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அக்கா இறங்குவதற்காகக் கதவின் உள்கைப்பிடியை இழுத்தாள். அது சுற்றியது. கதவு திறக்கவில்லை. அந்தப்பக்கக் கதவுக்கு நகர்ந்து இழுத்தாள். அதுவும் சுற்றியது. கண்ணாடியை இறக்கப் பார்த்தாள், அதுவும் நகரவில்லை. நாங்கள் அந்தக் கதவுகளை எச்சில் போட்டுத் துடைத்திருக்கிறோம், லாட்டுப் பார்த்திருக்கிறோம். உள்ளே உட்கார்ந்து திறந்து பார்க்கவில்லை.

நான் முன்கதவைத் திறந்து இறங்கப் போனேன். அதற்குள் அம்மா பந்தலிலிருந்து ஓடி வந்துவிட்டாள். வந்தவள் கண்ணாடி வழியாக அக்கா உள்ளேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றாள்.

"எறங்க மாட்டேங்கறா பாருங்க!" என்று திரும்பிக் கத்தினாள். "இன்னும் கோவம் போகலீங்க!"

நான் இறங்க ஒரு காலை வைத்தேன். மச்சான் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "இருங்க மாப்ள" என்றார், உதடு அசையாமல்.

பந்தலில் இருந்த சனமெல்லாம் வந்து சூழ்ந்துகொண்டது. தங்கச்சி ஓடி வந்து கண்ணாடியில் தட்டி, "அக்கா, எறங்குக்கா, உன்னையத்தான் பாத்துட்டு இருக்கறோம்" என்று அழுதாள். இஞ்சின் இரைச்சலில் பின்சீட்டுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. அக்கா கைப்பிடியை இழுத்து இழுத்து, வேர்த்து, கண்ணில் நீர் முட்ட உட்கார்ந்திருந்தாள். வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது.

அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். எங்கள் அப்பா யாரிடமும் பணிந்து பேசி நான் பார்த்ததில்லை. காரின் பக்கத்தில் குனிந்து, கண்ணாடிக்கு நேராக முகத்தை வைத்து, ஊரே கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"சாமி, அன்னிக்கு உன்னைய வான்னு சொல்லாதது என்ர தப்புதான் கண்ணு. வா. ஊட்டுக்குள்ள வா."

சொல்லிவிட்டு வெளிப்பக்கக் கைப்பிடியை அழுத்திக் கதவைத் திறந்தார். அது வெண்ணெய் மாதிரித் திறந்தது.

 அக்கா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவசரமே இல்லாதவள் போல இறங்கினாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். தங்கச்சி இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அப்படியே எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். அந்தக் காரை ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மச்சான்தான் பாவம், மிதித்த காலை எடுக்க முடியாமல், வெயிலில் தனியாக இரைந்துகொண்டிருந்த வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். உள்ளே போகிற வழியில் அக்கா ஒருதரம் மட்டும் நின்று எங்களைப் பார்த்தாள். யாருக்கும் தெரியாமல் கையை உயர்த்தி, கைப்பிடியைச் சுற்றுகிற மாதிரிச் சுற்றிக் காட்டி, உதட்டில் விரலை வைத்தாள்.

மறுநாள் விடிகாலையில் கூறைச்சேலையின் ஒரு முனை என் கக்கத்தில் இருந்தது. மறுமுனை இழுத்த இழுப்பில் எனக்குத் தோள் வலித்தது.